ஸ்கிராபிளுக்கு ஆங்கில வார்த்தை படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: எழுத்துக் கூட்டமாகப் படிக்கும் முறை

எழுத்து அச்சிட்ட டைல்களைக் கட்டம் போட்ட போர்டில் வைத்து வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிளை ஆட ஆரம்பித்தபோது நான் செய்த முதல் வேலை, தடிமனான ஓர் ஆங்கில அகராதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியதுதான். ஐந்து மாதம் அப்படியே போனது. மூன்றாவது எழுத்தின் பாதியில் நிற்கும்போது ஓர் ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர் கியூவையும் ஐ-யையும் மட்டும் வைத்தார். கியூ விழுந்தது எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டத்தில். குறுக்கே ஒரு ‘கியூ-ஐ’. நெடுக்கே, போர்டில் ஏற்கெனவே இருந்த ஐ-யோடு சேர்ந்து இன்னொரு ‘கியூ-ஐ’. 31-ம் 31-ம் சேர்ந்து 62 புள்ளி. ஐந்து மாதம் நான் படித்த வார்த்தைகளில் ஒன்றுகூட அன்றைக்கு என் ரேக்கில், அதாவது கையிலிருக்கும் ஏழு டைலை அடுக்கும் தாங்கியில், வரவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்கும் வரிசையையே மாற்றினேன். விளையாட்டில் உங்கள் கையில் வருவது எழுத்துகள். அதனால் வார்த்தைகளையும் எழுத்தை வைத்தே கூட்டம் கூட்டமாகப் படிக்க வேண்டும்: கியூ இருக்கும் கூட்டம், உயிரெழுத்து நிறைந்த கூட்டம், ஒரே முடிவு உள்ள கூட்டம் என்று. எனக்குப் போன ஐந்து மாதம் உங்களுக்கும் போகக் கூடாது. அதற்காகத்தான் இந்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. தமிழ் எழுத்தில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் ஒரே மாதிரி தெரியும். நான்காவதும் இருபதாவதும் அப்படித்தான். அதனால் இங்கே இரண்டாவதை ‘பி’ என்றும் பதினாறாவதை ‘ப்பி’ என்றும், நான்காவதை ‘டி’ என்றும் இருபதாவதை ‘ட்டி’ என்றும் எழுதுகிறேன். கடைசி எழுத்து ‘இசட்’.

1. எந்தப் பட்டியல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த வார்த்தை செல்லும், எது செல்லாது என்பதைச் சொல்ல ஆங்கில ஸ்கிராபிளில் இரண்டு பெரிய பட்டியல்கள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் நாஸ்பா வேர்ட் லிஸ்ட். மற்ற நாடுகளில் பெரும்பாலும் காலின்ஸ் ஸ்கிராபிள் வேர்ட்ஸ். காலின்ஸின் 2019 பதிப்பில் 2 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல் வார்த்தைகள் இருந்தன. நாஸ்பாவின் 2018 பதிப்பில் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம். இரண்டெழுத்து வார்த்தைகளை மட்டும் எடுத்தால் காலின்ஸில் 127, நாஸ்பாவில் 107.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. போனில் ஒரு செயலியில் ஆடிப் பழகுவார்கள். அது ஒரு பட்டியலைப் பின்பற்றும். போட்டிக்குப் போனால் அங்கே வேறு பட்டியல். ‘இசட்-ஓ’ காலின்ஸில் செல்லும், நாஸ்பாவில் செல்லாது. ‘சி-எச்’, ‘ஜே-ஏ’, ‘எஸ்-ட்டி’ எல்லாம் அப்படித்தான். ஒருமுறை தவறாகப் பதிந்துவிட்டால் அதை மனதிலிருந்து அழிப்பது புதிதாக ஒன்றைப் படிப்பதைவிடக் கஷ்டம்.

ஆகவே, நீங்கள் யாரோடு ஆடப் போகிறீர்களோ அவர்களிடம் கேளுங்கள்: எந்தப் பட்டியல், எந்த ஆண்டுப் பதிப்பு? அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பதிப்பு மாறும்போது வார்த்தைகள் கூடும். ‘ஓ-கே’ என்ற சாதாரணச் சொல்லே 2018-லும் 2019-லும் வந்த பதிப்புகளில்தான் இந்தப் பட்டியல்களில் இடம் பிடித்தது. பழைய புத்தகத்தை வைத்துப் படித்தால் அது இல்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சாதாரண அகராதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதில் ஆள் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், சுருக்கங்கள், இடைக்கோடு போட்ட சொற்கள் எல்லாம் கலந்திருக்கும். வினைச்சொல்லின் எல்லா வடிவங்களும் இருக்காது.

2. கையில் இருக்க வேண்டியவை

பணச்செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரு நோட்டு, சில நூறு சின்ன அட்டைகள், நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டியல். கணினி இருந்தால் ஸிஸிவா என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். ‘கியூ இருக்க வேண்டும், யூ இருக்கக் கூடாது’ என்று நிபந்தனை கொடுத்தால் அந்தக் கூட்டத்தை மட்டும் பிரித்துத் தரும். அதிலேயே பயிற்சித் தேர்வும் உண்டு. போனில் அட்டை முறையில் படிக்க ஆன்கி என்ற செயலி போதும்.

நோட்டின் இரண்டாம் பக்கத்தில் டைல் கணக்கு இருக்கட்டும். மொத்தம் 100 டைல். அதில் 2 பிளாங்க், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைல். மீதி 98-ல் உயிரெழுத்துகள் 42: இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, யூ 4. மெய்களில் என், ஆர், ட்டி மூன்றும் ஆறாறு. எல், எஸ், டி நான்கு நான்கு. ஜி 3. ஜே, கே, கியூ, எக்ஸ், இசட் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. மற்ற எல்லாம் இரண்டிரண்டு. புள்ளியில் கியூவும் இசட்டும் 10, ஜேயும் எக்ஸும் 8, கே 5. ஏ, இ, ஐ, ஓ, யூ, எல், என், ஆர், எஸ், ட்டி என்ற பத்தும் தலா 1.

இதை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஜாஸ்’, ‘பிட்சா’ என்று இரண்டு இசட் உள்ள வார்த்தைகளைப் படிக்க எல்லாருக்கும் ஆசை. பையில் இருப்பது ஒரே ஒரு இசட். இரண்டாவதற்கு பிளாங்க்தான் வேண்டும். அந்த வார்த்தைகளைக் கடைசியில் படித்தால் போதும்.

தமிழ் பேசுகிற நமக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. ஒலியை வைத்து வார்த்தையை நினைவில் வைப்பது. நம் எழுத்தில் ஒலியும் எழுத்தும் ஏறக்குறைய ஒன்று. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘நிம்ஃப்’ என்று காதில் பதிந்தால் ரேக்கில் இருக்கும் ப்பியும் எச்சும் கண்ணில் படாது. வார்த்தையை எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் டைலில் அச்சாகியிருப்பது பெரிய எழுத்துதான்.

3. இரண்டெழுத்து வார்த்தைகள்: முதல் இரண்டு வாரம்

வேறு எதையும் தொடாதீர்கள். நாளைக்கு 10 வீதம் படித்தால் 127-ம் 13 நாளில் முடிந்துவிடும். ஒரு நீளமான வார்த்தையை இன்னொன்றுக்குப் பக்கத்திலேயே ஒட்டி இணையாக வைக்கும்போது, இடையில் உருவாகும் ஒவ்வோர் இரண்டெழுத்தும் தனித்தனியாகப் புள்ளி தரும். அந்த இரண்டெழுத்துகள் தெரியாதவருக்குப் போர்டில் பாதி இடம் மூடிக் கிடக்கும்.

முதலில் ஏ-யில் தொடங்குபவை. மொத்தம் 16 செல்லும், இரண்டு பட்டியலிலும் ஒன்றே. அதனால் செல்லாத 10-ஐப் படிப்பது சுலபம்: ஏ-க்குப் பின் சி, எஃப், ஜே, கே, ஓ, ப்பி, கியூ, யூ, வி, இசட் வராது. மற்ற எல்லாம் வரும். ஏ-க்குப் பின் இன்னொரு ஏ-யும் வரும். அது ஒரு வகை எரிமலைக் குழம்புப் பாறையின் பெயர்.

அடுத்து, திருப்பிப் போட்டாலும் நிற்பவை. ஏ-பி, பி-ஏ. ஏ-டி, டி-ஏ. ஏ-எச், எச்-ஏ. எல், எம், என், ட்டி, ஒய் என்ற ஐந்தும் ஏ-யோடு இப்படியே இரண்டு பக்கமும் நிற்கும். அப்புறம், ஒரு பக்கம் மட்டும் நிற்பவற்றைத் தனியாகக் குறியுங்கள். எஃப்-ஏ செல்லும், ஏ-எஃப் செல்லாது. ப்பி-ஏ, கே-ஏ, இசட்-ஏ இவையும் அப்படியே. ஆட்ட அவசரத்தில் தலைகீழாக வைத்துப் புள்ளி இழப்பது பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

எக்ஸ் கூட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ், எக்ஸ்-ஐ, எக்ஸ்-யூ. ஐந்து உயிரெழுத்துக்கும் சரியாக ஐந்து. ஏ, இ, ஓ முன்னால் வரும்; ஐ, யூ பின்னால் வரும். 8 புள்ளி எழுத்துக்கு இவ்வளவு சுலபமான வழி இருப்பதால், எக்ஸ் கையில் வந்தால் பயப்படவே வேண்டாம்.

உயிரெழுத்து மட்டும் உள்ளவை: ஏ-ஏ, ஏ-இ, ஏ-ஐ, ஓ-இ, ஓ-ஐ. காலின்ஸ் ஆடுகிறவர்களுக்குக் கூடுதலாக இ-ஏ, இ-இ, ஐ-ஓ, ஓ-ஓ, ஓ-யூ. உயிரெழுத்தே இல்லாதவை: எச்-எம், எம்-எம், எஸ்-எச். காலின்ஸில் சி-எச், எஸ்-ட்டி சேரும். ஒய்யில் முடிபவற்றில் எஃப்-ஒய், கே-ஒய், என்-ஒய் மூன்றும் காலின்ஸுக்கு மட்டும்.

சிவப்பு மையில் எழுத வேண்டிய ஒன்று: வி உள்ள இரண்டெழுத்து வார்த்தை எந்தப் பட்டியலிலும் கிடையாது. போர்டில் ஒரு வி இருந்தால் அதன் பக்கத்தில் இணையாக எதையும் ஒட்டி வைக்க முடியாது. முன்னிலையில் இருக்கும்போது இடத்தை அடைக்க வேண்டுமானால் வியை நடுவில் போடுங்கள்.

4. ஹூக்: முன்னும் பின்னும் ஒட்டும் எழுத்து

மூன்றெழுத்து வார்த்தைகள் இரண்டு பட்டியலிலுமே ஆயிரத்துக்கு மேல். அவற்றை நேரடியாகப் படிக்க உட்கார்ந்தால் சலித்துவிடும். நோட்டில் ஒவ்வோர் இரண்டெழுத்தையும் நடுவில் எழுதி, இடப்பக்கம் முன்னால் ஒட்டும் எழுத்துகளையும் வலப்பக்கம் பின்னால் ஒட்டும் எழுத்துகளையும் எழுதுங்கள். மூன்றெழுத்தும் தானாக வந்துவிடும், எங்கே ஒட்டலாம் என்பதும் தெரியும். ஆட்டக்காரர்கள் இதைத்தான் ஹூக் என்கிறார்கள்.

நீளமான வார்த்தைகளிலும் இதே பழக்கம். ‘லேட்’ என்ற எல்-ஏ-ட்டி-இ-யை எடுங்கள். முன்னால் ஏ, பி, இ, ப்பி, எஸ் ஐந்தும் ஒட்டும். பின்னால் டி, என், ஆர், எக்ஸ். ‘எய்ட்’ என்ற எண்ணுக்கு முன்னால் எச் போட்டால் உயரம், டபிள்யூ போட்டால் எடை. பின்னால் எச், எஸ், ஒய் ஒட்டும்.

எதிராளி எதிர்பார்க்காத ஹூக்குகளுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ‘ஹோஸ்ட்’ முன்னால் ஜி வந்தால் பேய். ‘ரேஞ்ச்’ முன்னால் ஓ வந்தால் ஆரஞ்சு, ஜி வந்தாலும் செல்லும். ‘மிட்டன்’ முன்னால் எஸ். ‘லிம்ப்’ என்ற எல்-ஐ-எம்-பி முன்னால் சி. ‘ஓனஸ்’ முன்னால் பி. ‘பிரின்சஸ்’ என்ற பன்மைக்குப் பின்னால் இன்னோர் எஸ் போட்டால் இளவரசி. இந்த மாதிரி இடத்தில் ஒரே டைலால் ஒரு முழு வார்த்தையின் புள்ளியும், அதே டைல் வழியாக நெடுக்கே போகும் உங்கள் புது வார்த்தையின் புள்ளியும் சேர்ந்து கிடைக்கும்.

எஸ் எல்லாவற்றிலும் ஒட்டும் என்று நினைக்காதீர்கள். பட்டியலைப் பார்த்து, எஸ் ஒட்டாதவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ‘இங்’ முடிவுள்ள வார்த்தைகளில் சிலதுக்கு எஸ் ஒட்டும், பலதுக்கு ஒட்டாது. எஸ் டைல் நான்குதான் என்பதையும் மறக்க வேண்டாம். 8, 10 புள்ளியாவது கூடுதலாகக் கிடைத்தால்தான் நான் எஸ்ஸை இறக்குவேன்.

5. கனமான எழுத்துகள்

இரண்டாம் வாரம் முடிந்ததும் கியூ. பயப்படுத்துகிற எழுத்து. யூ நான்கே நான்குதான் இருப்பதால் இரண்டும் ஒன்றாகக் கைக்கு வருவது அரிது. யூ இல்லாத கியூ வார்த்தைகளைப் படித்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். ‘கியூ-ஐ’தான் முதலாவது, சீன மரபில் உயிராற்றலைக் குறிப்பது. எஸ் ஒட்டும். அடுத்து கியூ-ஏ-ட்டி, மெல்லும் ஓர் இலை. பிறகு கியூ-ஏ-டி-ஐ, கியூ-ஏ-ஐ-டி. இரண்டும் ஒரே நான்கு எழுத்துகள். முதலாவது நீதிபதி, இரண்டாவது தலைவர். இந்த இரண்டிலும் கியூவுக்குப் பதில் சி போட்டாலும் செல்லும் என்பது ஒரு போனஸ். பிறகு கியூ-ஓ-ப்பி-எச், எபிரேய எழுத்தொன்றின் பெயர். ஐந்தெழுத்தில் ஃபகீர், தலாக், நிகாப், புர்கா, நிலத்தடி நீர்க்கால்வாயைக் குறிக்கும் கனாத், மயக்க மருந்தின் சுருக்கமான ட்ரான்க். இவற்றில் எல்லாவற்றிலும் கே வர வேண்டும் என்று தோன்றும் இடத்தில் கியூதான் வரும். பக்கீர், தலாக், புர்கா எல்லாம் தமிழில் நாம் கேட்டுப் பழகிய சொற்கள்தானே. எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்து வைத்தால் போதும்.

ஜேக்கும் இதே உதவி கிடைக்கும். இரண்டெழுத்தில் ‘ஜே-ஓ’, காலின்ஸில் ‘ஜே-ஏ’-யும். அத்தோடு சரி. ஆனால் ஜேயில் முடியும் மூன்றெழுத்து மூன்றும் நமக்குத் தெரிந்தவை: ராஜ், தாஜ், ஹஜ். ஹஜ்ஜை எச்-ஏ-ஜே என்று எழுதலாம், நடுவில் டி சேர்த்து எச்-ஏ-டி-ஜே என்றும் எழுதலாம்.

இசட்டுக்கு ‘இசட்-ஏ’ எப்போதும் நினைவில் இருக்கட்டும். கூடவே இசட்டில் முடியும் சின்ன வார்த்தைகள்: பிஸ், ஃபெஸ், விஸ். ஓரத்துக் கட்டத்தில் வார்த்தை முடிய வேண்டிய நேரத்தில் இவைதான் காப்பாற்றும்.

விக்கு இரண்டெழுத்து இல்லாததால் மூன்றெழுத்தே துணை. முன்னால் வி: வயா, வை (வி-ஐ-இ), வெக்ஸ், வௌ, வி-யூ-ஜி. பின்னால் வி: எல்-இ-வி, ஆர்-இ-வி, எல்-யூ-வி. இரண்டு பக்கமும் வி: வி-ஏ-வி.

6. உயிரெழுத்து குவிந்தால், மெய் குவிந்தால்

ரேக்கில் ஐந்து உயிரெழுத்து வந்துவிட்டால் பெரிய புள்ளியைத் தேடாதீர்கள். அவற்றை இறக்குவதுதான் அந்த முறையின் வேலை. நான்கெழுத்தில் மூன்று உயிர் உள்ளவற்றைக் கூட்டமாகப் படியுங்கள்: ஐடியா, ஏரியா, ஆரா, ஆட்டோ, யூரோ, அயோட்டா, ஓபோ. ஐந்தெழுத்தில் நான்கு உயிர்: ஆடியோ, அட்யூ (ஏ-டி-ஐ-இ-யூ), ஈரி (இ-இ-ஆர்-ஐ-இ), மியாவ் (எம்-ஐ-ஏ-ஓ-யூ). காலின்ஸில் இ-யூ-ஓ-யூ-ஏ-இ என்று ஆறும் உயிராகவே ஒன்று உண்டு.

ஒரே உயிரெழுத்து இரட்டையாக வருவதுதான் நிஜமான தொல்லை. இரண்டு யூ வந்தால் யூ-என்-ஏ-யூ, எல்-யூ-ஏ-யூ. இரண்டு ஐ வந்தால் ரேடியை (ஆர்-ஏ-டி-ஐ-ஐ), ட்டி-ஓ-ஆர்-ஐ-ஐ. இந்த நான்கை மட்டும் படித்தாலே பெரிய நிம்மதி.

மெய் குவிந்தால்: என்-ட்டி-எச், எச்-எம்-எம், எஸ்-எச்-எச், பி-ஆர்-ஆர், ட்டி-எஸ்-கே, ப்பி-எஸ்-எஸ்-ட்டி, சி-டபிள்யூ-எம். ஒய் இருந்தால் கதவு அகலமாகத் திறக்கும்: மித், ஹிம் (எச்-ஒய்-எம்-என்), லின்க்ஸ், நிம்ஃப், கிரிப்ட், ட்ரிஸ்ட், ரிதம்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் டைலை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த முறை புள்ளி கிடைக்காது. வழக்கமான விதிப்படி பையில் குறைந்தது 7 டைலாவது இருக்கும்போதுதான் மாற்ற முடியும். புதியவர்கள் மாற்றத் தயங்கித் தயங்கி நான்கைந்து முறை 6 புள்ளி, 7 புள்ளி என்று வைத்துக்கொண்டே போவார்கள். ஒரு முறையை இழந்து நல்ல ரேக் எடுப்பது பல நேரங்களில் லாபம்.

7. ஆறெழுத்துத் தண்டு

ஏழு டைலையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அதை பிங்கோ என்பார்கள். இதற்கென்று ஏழெழுத்து வார்த்தைகளைத் தனித்தனியாகப் படிக்க ஆயுள் போதாது. அதிகம் கைக்கு வரும் ஆறு எழுத்தை ஒரு தண்டாக வைத்து, ஏழாவதாக எது சேர்ந்தால் என்ன வரும் என்று படிப்பதுதான் வழி.

நான் தொடங்கியது ‘ரெட்டினா’வில்: ஆர்-இ-ட்டி-ஐ-என்-ஏ. ஆறும் ஒரு புள்ளி எழுத்துகள், பையில் நிறைய இருப்பவை. இதனோடு சி சேர்ந்தால் செர்ட்டன். டி சேர்ந்தால் ட்ரெய்ன்ட். இ சேர்ந்தால் ட்ரெய்னி. எஃப் சேர்ந்தால் ஃபெய்ன்டர். ஜி சேர்ந்தால் கிரானைட். எச் சேர்ந்தால் ஹேர்நெட். ஐ சேர்ந்தால் இனர்ஷியா. கே சேர்ந்தால் கெரட்டின். எல் சேர்ந்தால் ரிலையன்ட். எம் சேர்ந்தால் மினரெட். ப்பி சேர்ந்தால் பெய்ன்டர். ஆர் சேர்ந்தால் டெரெய்ன். எஸ் சேர்ந்தால் நாஸ்டியர், ரிடெய்ன்ஸ். ட்டி சேர்ந்தால் நைட்ரேட். யூ சேர்ந்தால் யூரினேட். டபிள்யூ சேர்ந்தால் டானியர் (ட்டி-ஏ-டபிள்யூ-என்-ஐ-இ-ஆர்).

பதினாறு எழுத்து, ஒரே தண்டு. பள்ளி ஆங்கிலம் படித்தவருக்கு இவற்றில் பெரும்பாலானவை புதிய வார்த்தையே இல்லை. கலைந்து கிடக்கும் ஏழு எழுத்தில் அவற்றைப் பார்க்கத் தெரியாததுதான் குறை.

அதற்குப் பயிற்சி இப்படி. அட்டையின் முன்பக்கத்தில் ஏழு எழுத்தையும் அகரவரிசையில் எழுதுங்கள். நாஸ்டியருக்கு ஏ-இ-ஐ-என்-ஆர்-எஸ்-ட்டி. பின்பக்கத்தில் அதிலிருந்து வரும் எல்லா வார்த்தைகளும். முன்பக்கம் பார்த்து பின்பக்கம் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ரேக்கையும் அகரவரிசையில் அடுக்கிக்கொண்டால், அட்டையில் பார்த்த அதே உருவம் கண்முன் வந்து நிற்கும். இந்தப் பழக்கம் பிடிபட எனக்கு ஆறு வாரம் ஆனது. முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

‘சாட்டைர்’ (எஸ்-ஏ-ட்டி-ஐ-ஆர்-இ), ‘டிசேன்’ (ட்டி-ஐ-எஸ்-ஏ-என்-இ) இரண்டும் அடுத்த தண்டுகள்.

8. வேர்டில், ஸ்பெல்லிங் பீ, பாகிள் ஆடுகிறவர்களுக்கு

வேர்டிலில் ஐந்தெழுத்து, ஆறு வாய்ப்பு. இங்கே பகை ஒரே முடிவுள்ள கூட்டங்கள்தான். ‘ஐட்’ என்று ஒலிக்கும் ஐ-ஜி-எச்-ட்டி முடிவுக்கு முன்னால் இ, எஃப், எல், எம், என், ஆர், எஸ், ட்டி எல்லாம் வரும். ஒவ்வொன்றாக முயன்றால் ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிடும். ஒரு வாய்ப்பைச் செலவிட்டு, அந்த முதல் எழுத்துகளில் பலவற்றை ஒரே வார்த்தையில் சோதியுங்கள். ‘எல்ஃபின்’ (இ-எல்-எஃப்-ஐ-என்) போட்டால் இ, எல், எஃப், என் நான்கும் ஒரே அடியில் தெரிந்துவிடும். ஏ-ட்டி-சி-எச் முடிவுக்கு ‘க்ளாம்ப்’: சி, எல், எம், ப்பி நான்கையும் பார்த்துவிடலாம். ஓ-யூ-என்-டி முடிவுக்கு ‘ஃப்ரம்ப்’ (எஃப்-ஆர்-யூ-எம்-ப்பி). கண்டுபிடித்த குறிப்பை அடுத்த வாய்ப்பில் கட்டாயம் பயன்படுத்தச் சொல்லும் ஹார்டு மோடில் இந்த வழி அடைபட்டுவிடும். அதில் ஆடுகிறவர்கள் முடிவைச் சீக்கிரம் பச்சையாக்கிவிடாமல் தொடங்க வேண்டும்.

நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீயில் ஏழு எழுத்து, நடு எழுத்து கட்டாயம், குறைந்தது நான்கெழுத்து வார்த்தை. ஓர் எழுத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். எஸ் வராது. அதனால் பன்மையை மறந்துவிட்டு, ‘இங்’, ‘இடி’, ‘ஆர்-இ’, ‘யூ-என்’ போன்ற ஒட்டுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பாகிளில் 3 நிமிடம்தான் என்பதால் நீளத்தைத் தேடாமல் ஒரு மூன்றெழுத்தைப் பிடித்து, ஹூக் போட்டு வளர்த்துக்கொண்டே போவது பலன் தரும். அதில் மூன்றெழுத்துக்கும் நான்கெழுத்துக்கும் ஒரே 1 புள்ளி, எட்டெழுத்துக்கு 11.

9. எவ்வளவு காலம், எவ்வளவு நேரம்

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். 10 நிமிடம் புதியது, 10 நிமிடம் பழையது. இரண்டு வாரம் இரண்டெழுத்து. மூன்றாம், நான்காம் வாரம் கனமான எழுத்துகள். அடுத்த இரண்டு வாரம் உயிரும் மெய்யும் குவிந்தவை. பிறகு மூன்று மாதம் ஹூக் வழியாக மூன்றெழுத்து. அது ஓடும்போதே மாதத்துக்கு ஒரு தண்டு. ஆறு மாதத்தில் நம்பிக்கையோடு யாரோடும் உட்காரலாம்.

பழைய அட்டைகளுக்கு ஐந்து பெட்டி வையுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை 3 நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம், இரண்டு வாரம், மாதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் படிப்பது என்று வைத்தால் நிற்காது. நான் செய்து பார்த்துவிட்டேன்.

அர்த்தம் படிக்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். கட்டாயம் இல்லை. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. வார்த்தைப் பட்டியலைப் படித்துவிட்டுப் போய் ஆடினார். நம்மில் பலர் “என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருக்காது” என்றே ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்க வேண்டாம். ஆனால் நினைவில் தங்காத வார்த்தைக்கு மட்டும் ஒரு வரி அர்த்தம் எழுதிக்கொண்டால் உதவும்.

10. முதல் நிஜ ஆட்டம்

போட்டியில் ஒருவருக்கு 25 நிமிடம். கடிகாரம் ஓடும். தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி கழியும். வீட்டிலேயே கடிகாரம் வைத்து ஐந்தாறு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள்.

சேலஞ்ச் விதியை உட்காரும் முன் கேளுங்கள். எதிராளி வைத்த வார்த்தை செல்லாது என்று நீங்கள் கேள்வி எழுப்பி, அது செல்லும் என்று வந்தால், பல சர்வதேசப் போட்டிகளில் 5 புள்ளி எதிராளிக்குப் போகும். அமெரிக்க முறையில் உங்கள் முறையே போய்விடும். முதல் விதியில் சந்தேகம் வந்தால் தாராளமாகக் கேட்கலாம். இரண்டாவதில் யோசித்துக் கேட்க வேண்டும்.

பிளாங்க் வந்தால் பிங்கோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25, 30 புள்ளி கூடுதலாகத் தராத இடத்தில் அதை இறக்காதீர்கள். கியூவைக் கடைசிவரை கையில் வைத்திருக்காதீர்கள். எதிராளி முதலில் முடித்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சிய டைல்களின் புள்ளி அவருக்குச் சாதகமாகப் போகும்.

ஆட்டத்தின்போது ஒரு தாளில் ஒவ்வொரு முறையும் உங்கள் ரேக்கில் இருந்த எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஸிஸிவாவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தவறவிட்டவை தெரியும். முதல் ஆட்டத்துக்குப் பிறகு என் தாளில் தவறவிட்ட பிங்கோ இரண்டு இருந்தன. அதில் ஒன்று கிரானைட். மறுநாளின் 10 அட்டைகளை அந்தத் தாளிலிருந்து எடுங்கள்.